வண்டுக்கு வைத்த நேர்த்தி

முரசுமோட்டை
12.01.2025

என் மகள் தேனுகாவுக்கு,

இதை அப்பா தன் கையால் எழுதுகிறேன். வேறு ஒருவரும் இந்தப் பேனையைத் தொடவில்லை. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு தாளில் நானே கேட்டு எழுதலாம் என்பதை நினைக்க எனக்கு இந்த வயதில் வெட்கமும் சந்தோசமும் சேர்ந்து வருகிறது.

பொது மண்டபத்தில் கௌசலா ரீச்சர் பின்னேரங்களில் பெரிய ஆட்களுக்கு வகுப்பு வைக்கிறா. நான்தான் எல்லாருக்கும் மூத்தவன். பக்கத்தில் சின்னராசா இருக்கிறான். என்னைப் பார்த்து எழுதுவான், பிழை வந்தால் எனக்கே ஏசுவான். போன கிழமை உரப் பையில் இருந்ததை முழுக்க வாசித்தேன். இத்தனை வருசம் அந்தப் பையை விரித்து அதன் மேல் படுத்திருக்கிறேன், அதில் இவ்வளவு கதை இருந்தது தெரியாது.

அம்மாவுக்குக் கண்ணால் நீர் வடிகிறது. அதனால் இனிமேல் நான்தான் எழுதுவேன். போனில் நீ சாப்பிட்டீங்களா என்று கேட்பாய், நான் ஓம் என்பேன், அதோடு கதை முடிந்துவிடும். தாளில் எழுது. நான் ஆறுதலாக இருந்து வாசிப்பேன்.

உன் வேலை என்னவென்று ஊர் கேட்கிறது. கடலில் ஐஸ் பார்க்கிற வேலை என்று சொன்னேன். ஐஸ் கொம்பனியில் நிற்கிறாள் என்று சின்னராசா பரப்பிவிட்டான். அவனுக்குப் பதில் சொல்வதற்காகவாவது விளங்கும்படி எழுது. வயல் வெட்டுக்கு நிற்கிறது. மழை விட்டால் போதும்.

இந்தப் பக்கம் எழுதத் தொடங்கும்போது அம்மா தந்த தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது.

அன்புடன் அப்பா,
வீரகத்தி (இது என் கையெழுத்து, விரல் அடையாளம் அல்ல)

*

கப்பலிலிருந்து, லாப்ரடோர் கரை
09.02.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கையில் கிடைத்தது. உறையை மூன்று தரம் திருப்பிப் பார்த்தேன், உங்கள் எழுத்தென்று நம்ப முடியவில்லை. நான் சுகம். குளிர் மட்டும்தான் எதிரி.

சின்னராசா மாமாவுக்கு இப்படிச் சொல்லுங்கள். இங்கே கடல் மாரிக் குளிரில் உறைந்துபோகும். மேலே ஆள் நடக்கலாம், வண்டி ஓடலாம். ஒரு சுரங்கத்துக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு எங்கள் கப்பல் அந்த ஐஸை உடைத்துக்கொண்டு போகிறது. முன்னால் ஐஸ் எங்கே தடிப்பு, எங்கே மெல்லிசு, எங்கே வெடித்துத் தண்ணீர் தெரிகிறது என்று கப்பலில் நின்றால் தெரியாது. நான் ஒரு சின்ன ட்ரோனை மேலே அனுப்பி, அதன் கமராவால் பார்த்து வழி சொல்கிறேன். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன், ஆனால் ஒவ்வொரு நாளும் வயிற்றெரிச்சல். குளிருக்குப் பற்றரி அரைவாசி நேரத்தில் செத்துவிடும். அவற்றை நெஞ்சோடு சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு திரிகிறேன். கப்பல் ஆடுவதால் ட்ரோன் தளத்தில் இறங்காது. நான் கையை உயர்த்தி நின்று, அது தலைக்கு மேலே வர, ஏந்திப் பிடிக்க வேண்டும். இதில் நான் இப்போது கெட்டிக்காரி. கப்டன் மனிதர் அதை விளையாட்டுச் சாமான் என்பார். நான் இடப்பக்கம் போகச் சொன்னால் தொலைநோக்கியை எடுத்து வலப்பக்கம் பார்ப்பார்.

ஐஸ் இருக்கும் காலம் மட்டும்தான் எனக்கு வேலை. காலம் முடியும்போதுதான் என்னை நிரந்தரமாக வைத்திருப்பதா அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். இந்த வேலையை விட எனக்கு மனமில்லை, அப்பா.

அம்மாவின் கண்ணை ஏன் இன்னும் டொக்டரிடம் காட்டவில்லை? மாதம் தவறாமல் எழுதின அம்மா, இந்த வேலைக்கு நான் வந்த பிறகு ஒரு வரி எழுதவில்லை. போனிலும் வருவதில்லை. இதற்கு நேராகப் பதில் எழுதுங்கள்.

பாசத்துடன்,
தேனுகா

*

முரசுமோட்டை
05.03.2025

என் மகளுக்கு,

நீ சுகமென்று உன் எழுத்திலேயே வாசித்தேன். நாங்களும் சுகம். நெல் வெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது.

உன் கடிதத்தை அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். மத்தியானம் தொடங்கி, மாடு பட்டிக்கு வரும் வரைக்கும் வாசித்தேன். ட்ரோன் என்று வருகிற இடத்தில் அம்மா என்னை நிறுத்தி, "வண்டு எண்டு வாசியுங்கோ" என்றா. சண்டைக் காலத்தில் எங்கள் தலைக்கு மேல் இரைந்து சுற்றிய வேவு விமானத்துக்கு ஊர் வைத்த பேர் அதுதானே. தாளில் அப்படி இல்லை, இருக்கிறபடிதான் வாசிக்க வேண்டும் என்று ரீச்சர் சொல்லித் தந்திருக்கிறா என்றேன். நீ அதைக் கையால் ஏந்திப் பிடிக்கிறாய் என்ற வரி வந்ததும் அம்மா எழும்பிக் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டா. மிச்சத்தைக் குசினி வாசலில் நின்று வாசித்தேன்.

அடுத்த நாள் விடியவே குளித்து வெளிக்கிட்டு வற்றாப்பளைக்குப் போய், கண்ணகி அம்மனுக்கு நேர்த்தி வைத்துவிட்டு வந்திருக்கிறா. காரியம் சரிவந்தால் வைகாசிப் பொங்கலுக்குப் பானை கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறா. எதற்கு என்று கேட்டேன். விடாமல் திரும்பத் திரும்பக் கேட்டேன். பிறகு, ஐஸ் உருக வேண்டும், கப்பல் சுகமாக வர வேண்டும் என்று கேட்டாவாம். எனக்குச் சந்தோசத்தில் நல்ல புழுகம். நீ பத்திரமாக இருப்பதற்கு கண்ணகி அம்மாளும் பார்த்துக்கொள்வா.

கண்ணைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது அப்படியேதான் இருக்கிறது.

அன்புடன் அப்பா,
வீரகத்தி

*

லாப்ரடோர்
30.03.2025

அப்பாவுக்கு,

உங்கள் சுகத்துக்கு நல்லது, நீங்கள் பக்கத்தில் இல்லை. கடிதத்தை வாசித்துவிட்டுத் தளத்தில் நின்று தனியாக ஏசினேன். தமிழில் ஏசினதால் ஒருவருக்கும் விளங்கவில்லை. கப்டன் நான் பாடுவதாக நினைத்தார்.

ஐஸ் உருகினால் என் வேலை போய்விடும் என்று எழுதியிருந்தேனே. ஐஸ் இருக்கும் காலம் மட்டும்தான் வேலை என்ற வரியை எந்த வாசலில் நின்று வாசித்தீர்கள்? இந்த வருசம் ஐஸ் ஏற்கனவே மெல்லிசு. வழமையாகக் கப்பல் முட்டி நிற்கிற இடங்களில் தண்ணீர் தெரிகிறது. உலகம் சூடாகி உருகுவது போதாதென்று அம்மா கண்ணகி அம்மனையும் கூட்டுச் சேர்த்திருக்கிறா. இப்படியே போனால் ஐஸ் பார்க்க ஆள் எதற்கு என்று கொம்பனிக்காரர் கேட்பார்கள்.

நேர்த்தியை அம்மா திருப்பி எடுக்க வேண்டும். எப்படி என்று எனக்குத் தெரியாது. நீங்கள் விசாரியுங்கள்.

கண் "அப்படியே" என்றால் எப்படி? நான் எழுதுகிறவற்றில் ஒரு கேள்விக்கு மட்டும் நீங்கள் சுற்றிக்கொண்டு போகிறீர்கள். எங்கள் கப்டனைப் போல.

சாப்பாடு சரியாகச் சாப்பிடுகிறேன், கவலைப்பட வேண்டாம்.

தேனுகா

*

முரசுமோட்டை
21.04.2025

அன்புள்ள மகளுக்கு,

கோபத்திலும் நீ சுகமாக இருக்கிறாய் என்று எழுத்தின் அழுத்தத்தில் தெரிந்தது. புதுவருசத்துக்கு வீட்டில் பொங்கினோம்.

நேர்த்தியைத் திருப்பி எடுக்க நான் பட்ட பாட்டைக் கேள். முதலில் எங்கள் பிள்ளையார் கோயில் ஐயரிடம் போனேன். வைத்த ஆளே போய்ச் சொல்ல வேண்டும், நீங்கள் ஏன் வந்தனீங்கள் என்று கேட்டார். வைத்த ஆள் வரமாட்டா என்றேன். அப்ப வீட்டில கதைச்சு முடிச்சுப்போட்டு வாங்கோ, அம்மாளை இதுக்குள்ள இழுக்காதேங்கோ என்றார். சின்னராசா தன் பங்குக்கு, ஐஸ் கூடுவதற்கு இன்னொரு அம்மனுக்கு நேர்த்தி வை, இரண்டும் சரியாகிவிடும் என்றான். அவனோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

கடைசியாக அம்மாவிடமே கத்தினேன். பிள்ளையின் வேலையில் மண் போடப் பார்க்கிறாய் என்று சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. சுளகை வைக்காமலே சொன்னா:

"ஐஸைப் பற்றி எனக்கென்ன தெரியும். நீங்கள் விடாமல் கேட்டபடியால் ஏதோ சொன்னனான். அந்த வண்டு அவளின்ர கையை விட்டு விழவேணும். அதுதான் நான் கேட்டது."

மகளே, இதை உனக்கு எழுதுவதா விடுவதா என்று பல நாள் பேனையை மூடி மூடித் திறந்தேன். நேராகப் பதில் கேட்டாய். நேரான பதில் இதுதான். கண்ணில் ஒரு வருத்தமும் இல்லை. என்னை விட வடிவாக ஊசியில் நூல் கோக்கிறா. எழுத மாட்டேன் என்கிறா, அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால் எழும்பிப் போய்விடுகிறா.

உடையார்கட்டில் பங்கர்க் குழிக்குள் உன்னை அமத்திப் பிடித்துக்கொண்டு அம்மா கிடந்தது உனக்கு நினைவிருக்கும். முதலில் வண்டு வந்து இரையும், அது போனதும் செல் குண்டு வந்து விழும். உன் தம்பி சுகிர்தனை அங்கேதான் மண்ணுக்குள் தாட்டுவிட்டு வந்தோம். அதற்கு மேல் எழுத நான் இன்னும் பழகவில்லை.

உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் நெல்லில் கிடக்கிற கல்லு மாதிரி இருக்கிறேன். யாராவது ஒருவர் பொறுக்கி எறியுங்கள்.

அப்பா,
வீரகத்தி

*

சென்ட் ஜோன்ஸ்
14.05.2025

அப்பாவுக்கு,

சுகம். கரைக்கு வந்துவிட்டோம்.

அம்மாவிடம் சொல்லுங்கள், நேர்த்தி பலித்துவிட்டது. போன மாதம் ட்ரோன் கடலில் விழுந்துவிட்டது. பற்றரி முடிகிறதென்று அது கத்திக்கொண்டிருக்க, நான் திருப்பி அழைக்கவில்லையாம். கொம்பனியில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். கவனக்குறைவு என்று. விசாரணை முடியும் வரை எனக்கு மேசை வேலை. ஆனி மாதம் கூப்பிட்டு, வைத்திருப்பதா அனுப்புவதா என்று சொல்வார்களாம்.

அம்மாவுக்கு அந்தச் சத்தம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், அப்பா. நானும் அந்தப் பங்கருக்குள்தான் கிடந்தேன். தெரிந்துதான் இந்த வேலைக்கு வந்தேன். அதை என்னிடம் கேட்டிருக்கலாம். அம்மனிடம் போயிருக்கிறா.

எப்படி விழுந்தது என்று எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் சத்தமாக வாசிப்பீர்கள்.

தேனுகா

*

முரசுமோட்டை
14.06.2025

என் மகளுக்கு,

நாங்கள் சுகம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உண்மையில் எனக்குத் தலை வெடிக்கிறது.

உன் கடிதத்தை அம்மாவிடம் வாசிக்காமல் சட்டைப்பைக்குள் வைத்திருந்தேன். சட்டை தோய்க்கப் போனவ எடுத்து, தானே வாசித்துவிட்டா. அழுவா என்று நினைத்தேன், குறைந்தது என்னை ஏசுவா என்று நினைத்தேன். அம்மா கடைக்குப் போய்ப் புதுப் பானை வாங்கிக்கொண்டு வந்தா. பச்சையரிசி, பயறு, சர்க்கரை எல்லாம் கட்டினா. என்ன இது என்று கேட்டேன்.

"கேட்டது நடந்திட்டுது. சொன்னதைக் குடுக்கவேணும்" என்றா.

பிள்ளையின் வேலை போகப்போகிறது, நீ பொங்கப் போகிறாயா என்று வேலி கேட்கக் கத்தினேன். அயல் முழுக்க எட்டிப் பார்த்தது. அம்மா பானைக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தா.

தனியாக விட ஏலாது என்று நானும் போனேன். பஸ்ஸில் மூச்சு விட இடமில்லை. ஆனாலும் யன்னல் பக்கம் நின்றபடியால் விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று வழியில் இருந்த பலகை எல்லாவற்றையும் வாசித்தேன். வாழ்நாளெல்லாம் போய் வந்த றோட்டு, இப்போதுதான் என்னோடு கதைத்தது. சத்தமாக வாசித்துவிட்டேன் போல. அம்மா, "உடையார்கட்டு எண்டு நீங்கள் வாசிச்சுத்தான் எனக்குத் தெரியவேணுமோ, வாயை மூடுங்கோ" என்றா. பஸ்ஸில் ஆட்கள் சிரித்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அம்மா பொங்கிப் படைத்தா. நான் கும்பிடவில்லை. கோபத்தில் பந்தலுக்கு வெளியே நின்றேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து என் பேனையைக் காணவில்லை. இதைச் சின்னராசாவின் பேனையால் எழுதுகிறேன். அது கக்குகிறது, அதுதான் இந்த மைக்கறை.

விசாரணை என்னவாயிற்று என்று உடனே எழுது.

அப்பா

*

முரசுமோட்டை
17.06.2025

பிள்ளை தேனுகாவுக்கு அம்மா எழுதிறது.

நீ சுகமாய் இருக்கவேணும். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் கதைக்கிற மாதிரித்தான் எழுதுவன், உன்ர கொப்பாவைப் போல ரீச்சர் வைச்சுப் படிக்கேல்லை.

அவர் ஏன் வகுப்புக்குப் போனவர் எண்டு உனக்கு எழுதியிருக்கமாட்டார். வண்டு விட்டுப் பாக்கிற வேலை எண்டு நீ போனில எனக்குச் சொன்ன அண்டைக்கு, இவளுக்கு இனி எழுதமாட்டன் எண்டு மட்டும் அவரிட்டைச் சொன்னனான். அடுத்த நாள், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பேர் பதிஞ்சவர். பிள்ளைக்கு எழுத ஒராள் வேணும் எண்டு. வெட்கத்தில எனக்கு வேற கதை சொன்னவர். நான் நம்பின மாதிரி இருந்தனான்.

நேர்த்தியைப் பற்றிச் சொல்லவேணும். அந்த வண்டு விழவேணும் எண்டு கேட்டன். விழுந்திட்டுது. பொங்கிக் குடுத்திட்டன். அந்தக் கதை அதோட சரி. உனக்கு வேலை போகவேணும் எண்டு நான் கேக்கேல்லை, அது உன்ர வாயில வந்த கதை. இனிப் புதுசு ஒண்டு தருவினமெண்டால், புதுசைப் பற்றி நான் அம்மாளிட்டை ஒண்டுமே கேக்கேல்லை. கேக்கவும் மாட்டன்.

நான் கோபத்தில எழுதாமல் விட்டனான் எண்டு நீயும் அப்பாவும் நினைக்கிறீங்கள். அது கோபமில்லை. உன்னட்டை ஒண்டு கேக்கவேணும் எண்டு இருந்தது. எழுதத் தொடங்கினால் அதைத்தான் எழுதுவன் எண்ட பயத்தில பேனையை வைச்சிடுவன்.

தம்பியைத் தோளில போட்டுக்கொண்டு அண்டைக்கு நான் வெட்ட வெளிக்குள்ளால ஓடினது உனக்குத் தெரியும். நீ முன்னால ஓடினனி. வண்டு மேல நிண்டது, பிறகுதான் செல் விழுந்தது. அதால பாத்துக்கொண்டிருந்தவைக்கு, ஓடுறது ஒரு பொம்பிளை எண்டும் தோளில கிடக்கிறது பிள்ளை எண்டும் தெரிஞ்சிருக்குமோ?

இதை நான் ஆரிட்டைக் கேக்கிறது. இவ்வளவு காலமும் கேக்க ஆளில்லை. இப்ப நீ அதால பாக்கிற ஆள். உள்ளதைச் சொல்லு. மழுப்பாதை.

அம்மா,
இராசேஸ்வரி

*

சென்ட் ஜோன்ஸ்
12.07.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் எழுத்தைக் கண்டதே எனக்குப் பாதிச் சுகம். மிச்சத்துக்கு இதை எழுதுகிறேன். இதை நீங்களே வாசியுங்கள்.

தெரியும் அம்மா. அவ்வளவு உயரத்திலிருந்தும் தெரியும். ஆள் நடக்கிற விதத்தில் கிழவரா இளசா என்று தெரியும். பாரம் தூக்கியிருக்கிறாரா, அந்தப் பாரம் அசைகிறதா என்றுகூடத் தெரியும். அந்தக் காலத்துக் கமரா எப்படி, அதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பார்த்தால் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும்.

இந்த வேலைக்கு வந்த முதல் நாள் நான் அதைத்தான் பார்த்தேன். கீழே நின்ற கப்பல்காரரின் முகம் தெரிகிறதா என்று. தெரிந்தது. அன்றிரவு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். உங்களிடம் சொல்ல எனக்கும் பயம்.

ட்ரோன் விழுந்த கதையை இப்போது சொல்கிறேன். அன்று பனிப்புகார் மூட்டம். கப்பலிலிருந்து முன்னால் ஒன்றும் தெரியாது. நான் அனுப்பிய ட்ரோனில் தூரத்தில் ஒரு கறுப்புப் பொட்டு தெரிந்தது. கிட்டப் போனேன். அந்த ஊர்க்காரர் ஒருவர், ஐஸில் ஓட்டுகிற வண்டியோடு நின்றார். வண்டி பழுதாகியிருக்க வேண்டும். பின்னால் இழுவையில், போர்த்து மூடிக்கொண்டு ஒரு சின்னப்பிள்ளை. கப்பல் நேரே அந்தப் பக்கம்தான் உடைத்துக்கொண்டு போகிறது. உடைந்தால் அவர்கள் நிற்கிற ஐஸும் வெடிக்கும். கப்டனிடம் சொன்னேன். அவர் தொலைநோக்கியால் பார்த்தார். ஒன்றுமில்லை என்றார். கடல்நாயாக இருக்கும் என்றார்.

பற்றரி கத்தத் தொடங்கியது. திருப்பி எடுத்தால் அவர்கள் நிற்கிற இடத்தைப் பிறகு நான் எதைக் காட்டிச் சொல்வது? அப்படியே தலைக்கு மேலே நிறுத்திவைத்தேன். படத்தைக் கப்டனின் முகத்துக்கு நேரே பிடித்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, பாதி தமிழ். அவர் கப்பலை நிறுத்தினார். அதற்குப் பிறகு ட்ரோன் வந்து சேரப் பற்றரி போதவில்லை, கடலில் விழுந்துவிட்டது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்தச் சத்தம் கேட்டு அவர்கள் இரண்டு பேரும் மேலே பார்த்தார்கள். ஓடப்போகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் ஓடவில்லை அம்மா. அந்தப் பிள்ளை போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து எனக்குக் காட்டியது.

விசாரணையில் கப்டன் வந்து, தான் கண்டதைச் சொன்னார். வேலை போகவில்லை, நிரந்தரமாகிவிட்டது. அடுத்த மாரிக்குப் புதிதாக ஒன்று தருகிறார்கள். புதிதைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில் ஓம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உங்கள்,
தேனுகா

*

முரசுமோட்டை
06.08.2025

என் மகளுக்கு,

அப்பா நல்ல சுகம். அம்மாவும் சுகமாகத்தான் இருக்க வேண்டும், அவவின் நடமாட்டத்தை வைத்துச் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்தது. உறையில் அம்மாவின் பேர். நான் வாசிக்கக் கையை நீட்டினேன், தரவில்லை. வேலிக்கரையில் போய் நின்று வாசித்தா. வாசித்து முடிய அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டா. நான் ஓடிப்போய் என்னடி, என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "தெரியுமாம்" என்றா. என்ன தெரியும் என்று கேட்டேன். கன நேரம் அழுதா. சுகிர்தனின் பேரைச் சொல்லி அழுதா. எனக்குக் கேட்க அந்தப் பேரை இத்தனை வருசத்தில் அவ வாயால் சொன்னது அன்றைக்குத்தான். நான் பக்கத்தில் இருந்தேன். வேறு என்ன செய்வது.

பொழுதுபட எழும்பி முகம் கழுவி, சோறு வைத்தா. பிறகு, உனக்கு வேலை நிரந்தரமாம் என்று ஊருக்குச் சொல்லச் சொன்னா. சின்னராசாவுக்கு நானே போய்ச் சொன்னேன். அவன் இன்னும் ஐஸ் கொம்பனி என்றுதான் சொல்கிறான், விட்டுவிட்டேன்.

இப்போது ஒவ்வொரு பின்னேரமும் அம்மா உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறா. பக்கம் பக்கமாகப் போகிறது. எட்டிப் பார்த்தால் கையால் மறைக்கிறா. இந்த வயதில் இரவும் பகலும் இருந்து நான் எழுதப் படித்தது உங்கள் இரண்டு பேரையும் கதைக்க வைக்க. இப்போது நீங்கள் இரண்டு பேரும் கதைக்கிறீர்கள், எனக்கு ஒருவரும் எழுதுகிறீர்கள் இல்லை. தபால்காரனும் உறையை எனக்குத் தராமல் அம்மாவைக் கூப்பிடுகிறான்.

எனக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. அதில் பெரிதாக ஒன்றும் இருக்கத் தேவையில்லை. உறையில் என் பேரை மட்டும் எழுது. சொற்கள் கொஞ்சம் கடினமாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன் அப்பா,
வீரகத்தி